இடப்பக்கத்துப் பிரேக்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஊர்ப் பெயர் முன்னே பின்னே மாறினால் பரவாயில்லை. செண்பகவல்லி சொன்ன பதிலில் ஒரு வார்த்தை மாறினாலும் எல்லாம் கெட்டுப்போகும்.

செண்பகவல்லி என் தங்கை. கோவில்பட்டியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள். ஊரில் எல்லோரும் அவளை மாஸ்டர் என்பார்கள். நானும் அவளிடம் பதினெட்டு நாள் படித்தேன். பத்தொன்பதாம் நாள் பைபாஸில் ஓட்ட வேண்டும் என்றாள். நான் போகவில்லை.

நாக்பூரில், பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித்தரும் ஒரு பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை சேர வேண்டும். இனி அங்கேதான். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள் அவ்வளவு தூரத்தில் தனியாக இருக்கப்போவது எங்கள் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. என்னைத் துணைக்கு அனுப்பும்போது ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஓசூர் தாண்டுறதுக்குள்ள அவ மனசை மாத்திக் கூட்டிட்டு வந்துரு."

எனக்கும் அதுதான் ஆசை.

வண்டி, அவள் விலைக்கு வாங்கியிருந்த பழைய பயிற்சிக் கார். பின் சீட்டு முழுக்கக் கிரைண்டரும் பெட்டிகளும். அதனால் நான் முன்னால், மாஸ்டர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். பழகுகிறவர் தடுமாறினால் மாஸ்டர் மிதிப்பதற்காக என் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது.

"இது இன்னும் வேலை செய்யுமா?"

"செய்யும்க்கா."

"நான் மிதிச்சா?"

"வண்டி நிக்கும்."

அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

"உனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாதே. எப்படிச் சொல்லிக்குடுப்ப?"

"கிளட்ச், பிரேக், கியர். அங்கயும் இதே பேருதான்."

"காய்ச்சல் வந்தா யாரு பாப்பா?"

"டாக்டர்."

சேலம் வருவதற்குள் ஆறு முறை மிதித்துவிட்டேன். லேசாகத்தான். ஒவ்வொரு முறையும் வண்டி திணறியது. அவள் கியரை மாற்றி மறுபடி வேகம் எடுத்தாள்.

சேலம் தாண்டி வெகுநேரம் கழித்து அண்ணன் போன் செய்தார். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"எந்த ஊரு வரைக்கும் கெடு குடுத்திருக்காரு?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

மறைக்க முடியவில்லை. "ஓசூர்."

"அது போயி அரை மணி நேரம் ஆச்சு."

மறுநாள் அனந்தபூர் தாண்டி நல்ல வெயில். தூரத்தில் ஒரு எருமை ரோட்டில் ஏறியது. என் கால் முழுசாக மிதித்துவிட்டது. வண்டி நடு ரோட்டில் நின்றது. பின்னால் ஒரு லாரி அலறிக்கொண்டு வந்து, எங்களை ஒட்டி விலகி, தள்ளிப் போய் நின்றது. டிரைவர் இறங்கித் தெலுங்கில் திட்டினார். எங்களுக்குத் தெலுங்கு தெரியாது. ஆனாலும் எல்லாம் புரிந்தது.

செண்பகவல்லி அவரைப் பார்த்துக் கும்பிட்டாள். வண்டியை ஓரமாக நிறுத்தினாள். என்னையும் இறங்கச் சொன்னாள். ரோட்டில் லாரி டயர் கறுப்பாகக் கோடு இழுத்திருந்தது. எங்கள் வண்டி நின்ற இடத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும்.

"எருமை எங்க நின்னுச்சு?"

வெகுதூரத்தில் இருந்த புளியமரத்தைக் காட்டினேன்.

"லாரி?"

"லாரியை நான் பாக்கவே இல்லையே."

"எப்படிப் பாப்ப? பின்னாடி பாக்குற கண்ணாடி என் பக்கம்ல திரும்பியிருக்கு."

தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன்.

"இந்தச் சனியனைக் கழட்டிப் போடு, செண்பகம்."

"திங்கக்கிழமையில இருந்து அதை வச்சுத்தான் எனக்குப் பொழப்பு."

தண்ணீர் பாட்டிலை மூடிக் கொடுத்துக்கொண்டே கேட்டேன். "பத்து வருசம் நீ அந்த இடத்துல உக்காந்திருக்கியே. ஓட்டத் தெரியாதவ கையில வண்டியைக் குடுத்துட்டு. பயமா இல்லையா?"

"இருந்துச்சு. முதல் வருசம் எதைப் பாத்தாலும் மிதிச்சிருவேன்."

"அது நல்லதுதான?"

"வண்டிக்கு ஒரு கீறல் விழல. ஆனா அந்த வருசம் எங்கிட்ட வந்த ஒருத்தரும் ஓட்டக் கத்துக்கல."

நான் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

கர்னூல் பாலத்தில் அண்ணன் மறுபடி கூப்பிட்டார். "இன்னுமா திருப்பல?"

"வண்டியை அவ ஓட்டுதாண்ணே" என்றேன்.

பாலம் இறங்கியதும் ஒரு பஸ் எங்களை உரசுவதுபோல் முந்தியது. என் கால் தானாகப் பிரேக்கைத் தேடியது. செருப்பைக் கழற்றினேன். இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வண்டி ஓடிக்கொண்டிருந்தவரை, நாக்பூர் போய்ச் சேரும்வரை, காலைக் கீழே இறக்கவில்லை.