வசனம் இல்லாத வேஷம்

“சோறு போட்டவருக்கு எதிராக வாய் திறக்கலாமா, வாத்தியாரே?” என்று கேட்டார் தணிகாசலம்.

கூத்து வாத்தியார் துரைக்கண்ணு டீ குடித்துக்கொண்டிருந்தார். இதிகாசக் காட்சிகளை நடிக்கவைத்து, மேலாளர்களுக்குத் தலைமைப் பண்பு சொல்லித்தர அவரை ஊருக்கு வெளியே ஒரு விடுதியில் நடக்கும் இரண்டு நாள் பயிற்சிக்கு அழைத்திருந்தார்கள். அந்த மேலாளர்களில் ஒருவரான தணிகாசலத்தைவிடப் பத்து வயது இளையவர்.

“யாருங்க சார் சோறு போட்டது?”

“எங்க ஷூ கம்பெனி முதலாளி. இருபத்திரண்டு வருஷமா.”

“என்ன பேசணும்?”

தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார்.

“வளர்மதின்னு ஒரு பொண்ணு, தையல் பிரிவுல. திங்கட்கிழமை முதலாளியோட மருமகன், அவ கழுத்துல கிடந்த அடையாள அட்டைக் கயித்தைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனார். முப்பது பேர் முன்னாடி. நானும் இருந்தேன். புகார் குடுத்துட்டா. சாட்சிக்கு என் பேரை எழுதியிருக்கா. இன்னைக்கு நாலு மணிக்குக் கம்பெனியில விசாரணை. ‘பார்க்கலைன்னு சொல்லிடு’ன்னு முதலாளி போன் பண்ணார்.”

“அப்படிச் சொன்னா?”

“பொய்ப் புகார்னு அவளை வெளியே அனுப்பிடுவாங்க.”

“சொல்லலைன்னா?”

“என்னை.”

வாத்தியார் மிச்ச டீயைக் குடித்தார்.

“இதிகாசம் என்னதான் சொல்லுது, வாத்தியாரே?”

“வாங்க சார், ஒத்திகைக்கு நேரமாச்சு.”

அரசியைச் சபைக்கு இழுத்து வரும் காட்சி. மேலாளர்கள் ராஜா வேஷத்துக்குப் போட்டி போட்டார்கள். வாத்தியார் தணிகாசலத்துக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார்.

“நீங்க சபைப் பெரியவர். நியாயம் எல்லாம் தெரிஞ்சவர்.”

“வசனம்?”

“கிடையாது.”

“பாட்டாவது?”

“அதுவும் கிடையாது. உக்காந்திருந்தாப் போதும்.”

“தணிகாசலம் சாருக்கு ஒத்திகையே வேணாம். ஆபீஸ்லயும் இதே சீட்டுதான்!” என்றார் ஒரு மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள். தணிகாசலமும் சிரித்தார்.

இழுத்து வரும் வேஷம் வாத்தியாரின் ஆள் ஏழுமலைக்கு. அவர் முதலில் கற்பூரம் ஏற்றினார். அரசி வேஷம் கட்டியிருந்த இன்னொரு கூத்துக்காரர் கன்னியப்பனின் காலைத் தொட்டார்.

“தாயே, வேஷத்துக்காகச் செய்யறேன். மன்னிக்கணும்.”

தணிகாசலம் எழுந்து வந்தார்.

“நானும் கற்பூரம் ஏத்தணுமா?”

“உங்க வேஷத்துக்கு அந்த வழக்கம் இல்லைங்க.”

“ஏன்?”

“‘நான் என்ன செஞ்சேன்?’னு கேப்பார் அந்தச் சபைப் பெரியவர்.”

தணிகாசலம் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

வாத்தியார் தாளம் தட்டினார். ஏழுமலை கூந்தலைப் பிடித்து இழுத்து வந்தார். கன்னியப்பன் கனத்த உடம்புக்காரர். சற்றுமுன்வரை வெற்றிலை மென்றபடி சவுரிமுடிக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர். இப்போது அவர் குரல் எழுந்ததும் அறை அடங்கிவிட்டது.

“பெரியவங்களே, பார்த்துக்கிட்டுத்தானே இருக்கீங்க?”



கன்னியப்பன் ஒவ்வொரு நாற்காலியாக வந்தார். தணிகாசலத்தின் முன் நின்றார்.

“நீங்க பார்க்கலையா, ஐயா?”

தணிகாசலம் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் தாளத்தை நிறுத்தவில்லை.

“பார்க்கலையா?”

தணிகாசலம் தரையைப் பார்த்தார்.

மூன்றாம் முறை கன்னியப்பன் எதுவும் கேட்கவில்லை. அங்கேயே நின்றார்.

“பார்த்தேன்,” என்றார் தணிகாசலம்.

தாளம் நின்றது.

“உங்களுக்கு வசனம் இல்லைன்னு சொன்னேனே, சார்.”

“பார்த்தேன், வாத்தியாரே. முப்பது பேரும் பார்த்தோம்.”

“அதை இங்க சொல்லி என்னங்க?” என்றார் வாத்தியார். “மூணு பத்துக்கு ஒரு பஸ் இருக்கு.”