சபாபதியின் பதினைந்து கிலோ

கிளிமஞ்சாரோ அடிவாரத்தில், சுமை தூக்கும் நீமாவின் காலடியில் கோயம்புத்தூர் மில் முதலாளி சபாபதி தன் பையைத் தொப்பென்று போட்டார். ஒருவர் முதுகில் பதினைந்து கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது சுமைக்காரர்கள் குழுவின் விதி.

"எடை போடணும் சார்."

"என் பேச்சையே சந்தேகப்படுறியா? பதினஞ்சேதான். தூக்கு, இல்லேன்னா உன் வேலையே போயிடும்!"

மனுஷியா, மாடா அவள்? நீமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"சரி சார். பதினஞ்சுக்கு மேல இருக்கிறது எதுவும் உங்களுது இல்லைன்னு எழுதிக் கொடுங்க."

அவர் அலட்சியமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். உடனே அவள் பையைத் தராசில் வைத்தாள். இருபத்தெட்டு!

இஸ்திரிப் பெட்டி, மடக்கு நாற்காலி, முறுக்கு டின் எல்லாம் வெளியே வந்தன. டின்னைத் திறந்து சக சுமைக்காரர்களிடம் நீட்டினாள்.

"ஏய், அது என் முறுக்கு!"

"உங்களுதா? அப்போ நீங்களே தூக்கிட்டு வாங்க சார்."