முளைக்காத கால்

முன்னொரு காலத்தில், பேர் சொல்லவே கூசுகிற ஒரு நாட்டில், ராஜாவுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. வயதானவர்களுக்கும் கை கால் இழந்தவர்களுக்கும் மாதாமாதம் நெல் அளக்கிறோமே, அத்தனை பேரும் இன்னும் முடியாமல்தான் கிடக்கிறார்களா?

சந்தேகத்தை ஊதிவிட்டவர் பிரதானி சேதுராயர்.

"பிரபு, அரண்மனைக் கொடை வாங்குகிறவர் எவராயினும் ஆண்டுதோறும் சபைக்கு வந்து, தம் குறை தீரவில்லை என்று கண்ணுக்குக் காட்டட்டும். விசாரணையை நம் விகடகவி வேம்பனிடமே ஒப்படைக்கலாம்."

செய்தால் ஊர் காறித் துப்பும், மறுத்தால் ராஜதுரோகம். வேம்பன் மேல் பிரதானிக்கிருந்த வயிற்றெரிச்சல் அப்படி யோசித்திருந்தது. வேம்பன் தலையாட்டினான்.

முதலில் வந்தவர் சங்கிலி. கோட்டைச் சுவர் கட்டும்போது கல் விழுந்து ஒரு காலை இழந்தவர். மனைவி குருவாயி அவரை முதுகில் சுமந்து அத்தனை படியும் ஏறி வந்திருந்தாள். நெல் நின்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

"துணியை அவிழ்த்துக் காட்டும்" என்றான் வேம்பன். அவன் குரல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

"பொம்பளைங்கல்லாம் இருக்காங்க, சாமி..."

"அரச கட்டளை."

சங்கிலி குனிந்த தலை நிமிராமல் அவிழ்த்தார். "அடடா, இன்னும் முளைக்கவில்லையே!" என்றார் பிரதானி. சபை சிரித்தது.

"குறை தீரவில்லை. நெல் உண்டு" என்ற வேம்பன் திரும்பினான். "அடுத்து, பிரதானி சேதுராயர்!"

"நானா?"

"தங்கள் தந்தையார் போரில் மாண்டதற்காக உதிரப்பட்டி நிலம் அனுபவிக்கிறீர்களே, அதுவும் அரண்மனைக் கொடைதான். அவரை அழைத்து வந்து, இன்னும் செத்துத்தான் இருக்கிறார் என்று காட்டும்."

"செத்தவர் எப்படியடா பிழைத்து வருவார்?"

"போன கால் முளைக்குமென்றால் போன உயிர் திரும்பாதா, ஐயா? எவராயினும் என்றது தாங்கள்தானே? காட்டாவிட்டால் நிலம் பறிமுதல்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நடுவில் அவர் கண் சங்கிலியின் மேல் விழுந்தது. ஒற்றைக் காலில் நின்று துணியைச் சுற்ற முடியாமல் சுற்றிக்கொண்டிருந்தார் மனிதர். ராஜாவின் சிரிப்பு அறுந்தது. கட்டளை ரத்து, இனி நெல் அவரவர் வாசலுக்கே வரும் என்றார். வேம்பனுக்கு முத்துமாலையைக் கழற்றிப் போட்டார்.

இறங்கும்போது வேம்பனே சங்கிலியை முதுகில் ஏற்றிக்கொண்டான். பாதிப் படியில் காதருகே அவர் குரல் மெல்லக் கேட்டது:

"பிரதானி வாய நல்லா அடச்சீங்க, சாமி. அவர மொதல்ல கூப்புட்டிருக்கலாம்ல?"

அரசவைக்கே பதில் சொல்கிற வேம்பன், படியைப் பார்த்தபடியே இறங்கினான்.