கடலில் கேட்காத அலாரம்

நாகர்கோவிலில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம், மீனவர்களின் செல்போனுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. அதைச் சோதித்துப் பார்ப்பது பெனிட்டாவின் பொறுப்பு. அவளிடம் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்து சேர்ந்தார் செண்பகராமன். நூற்பாலை வேலையை விட்டுவிட்டு வந்தவர். அவளைவிட மூத்தவர்.

வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே கேள்வி.

"மேடம், சோதனையை மெஷின்கிட்ட விட்டுடலாமா, இல்ல கையால பார்க்கணுமா? எது சரி?"

"இங்க வந்து நீங்க எழுதிப் பழகின சோதனை நிரலை ஓட்டுங்க," என்றாள் பெனிட்டா.

ஓட்டினார். அது தானாகவே எச்சரிக்கையை அனுப்பியது. அலாரம் அடிக்கிறதா என்று தானாகவே பார்த்தது. திரை முழுக்கப் பச்சை.

"அலாரம் அடிச்சுதா?"

"அடிச்சுது மேடம்."

"யாருக்குக் கேட்டுது?"

செண்பகராமன் நிரலை இன்னொரு தடவை ஓட்டினார். மறுபடியும் பச்சை.

மறுநாள் விடியலில் அவரை முட்டம் கடற்கரைக்கு அழைத்துப்போனாள். அங்கே அவளுடைய பெரியப்பா மகன் சூசையின் மீன்பிடி வள்ளத்தில் ஏறினார்கள். சூசை தன் போனைப் பாலிதீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். என்ஜின் இரைந்தது. கரை சிறிதானதும் பெனிட்டா தன் போனிலிருந்து எச்சரிக்கையை அனுப்பினாள்.

சூசை கடலைப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"எப்ப அனுப்புவிய?" என்று கத்தினார்.

"அனுப்பி நேரமாச்சு அண்ணே!"

சூசை போனை வெளியே எடுத்தார். திரை சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. காதோடு ஒட்டிவைத்தபோதுதான் அலாரம் மெல்லக் கேட்டது. அவர் முகம் மாறியது.

"இதை நம்பியா எங்களைக் கடலுக்குப் போகச் சொல்லுதிய?"

திரும்பும் வழியெல்லாம் செண்பகராமனுக்கு மனசு ஆறவில்லை.

"மெஷின் சோதனையே வீண் மேடம். இனிமே எல்லாம் கையாலதான்."

"சரி," என்றாள்.

செயலியை மாற்றினார்கள். ஒலி முழு அளவுக்கு உயர்ந்தது. கூடவே போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அடுத்த முறை கடலில் சூசை திடுக்கிட்டு நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். செண்பகராமன் சிரித்துவிட்டார்.

அதன்பிறகு ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் மேசை நிறைய போன்களைப் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கண் எரியும். விடமாட்டார். கடைசியில் ஒருநாள் நிமிர்ந்து, "எல்லாம் சரியா இருக்கு மேடம். மீனவங்களுக்குக் கொடுத்துடலாம்," என்றார்.

பெனிட்டா அவர் ஒதுக்கிவைத்த நிரலை எடுத்து ஓட்டினாள். ஒரே ஒரு வரி சிவப்பு. ஒரு பழைய மாடல் போனில் அலாரம் அடிக்கவே இல்லை.

"இதை நான் பார்த்தேனே! நல்லா அடிச்சுதே!"

"எப்ப பார்த்தீங்க?"

"முந்தாநாள்."

"நேத்தும் ஒரு திருத்தம் போட்டாங்க."

அவர் அந்தப் போனை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அது சூசை வைத்திருந்த அதே மாடல்.

அந்தப் பிழையைச் சரிசெய்த பிறகு, நிரலில் புதிதாகச் சில வரிகள் எழுதினார். ஒலி முழு அளவில் வருகிறதா, போன் அதிர்கிறதா என்று இனி அதுவே பார்க்கும். ஓட்டினார். எல்லாப் போனிலும் பச்சை.

"இப்ப புரிஞ்சுது மேடம். அலாரம் கடல்ல கேட்குமாங்கிற கேள்வியைக்கூட மெஷினே பார்த்துக்கும். இனி நாம வள்ளம் ஏற வேண்டியதில்லையே?"

"அந்தக் கேள்வியை மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு?"

"நான்தான்."

"உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?"

செண்பகராமன் சூசைக்குப் போன் போட்டு, நாளைக்கு வள்ளம் எப்போது கிளம்பும் என்று கேட்டார்.