எல்லைக்கல்லைத் தொட்டு வந்த குப்பாண்டி

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், கோப்பெருவேள் என்றொரு ராஜா இருந்தான். அண்டை நாட்டு ராஜாவின் ஓலை முழ நீளம், தன் ஓலை சாண் நீளம் என்று அவனுக்கு ஒரே ஏக்கம். "இனி நம் ஓலைகளில் எதையும் ஒரு சொல்லுக்கு இரண்டாக எழுதுங்கள்" என்று கட்டளையிட்டான்.

ஓலை எழுதும் அம்பலக்கூத்தருக்குக் கேட்கவா வேண்டும்? வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்தது. மறுநாள் சபையில், "நந்தவனத் தோட்டத்தின் நடு மத்தியில் உள்ள தண்ணீர்க் குளத்து நீரானது..." என்று இழுத்தார். அரண்மனை விகடன் குப்பாண்டி அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. கொல்லென்று சிரித்துவிட்டான்.

அவன்மேல் ரொம்ப நாளாகவே பொருமிக்கொண்டிருந்த கூத்தர் விடுவாரா? "முத்திரை ஓலையைப் பார்த்துச் சிரிப்பது ராஜ நிந்தனை, பிரபு" என்றார். ராஜாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கூத்தர் கையாலேயே தண்டனை ஓலை தயாரானது: 'குப்பாண்டி இந்த நாட்டையும் தேசத்தையும் விட்டு வெளியேறி வெளியே போகக் கடவன்.'

குப்பாண்டி மூட்டையைக் கட்டினான். பிறந்த மண்ணும் அரண்மனைச் சாப்பாடும் ஒரே நாளில் போயிற்றே! நாடு சின்னதுதான், உச்சிப்பொழுதுக்குள் எல்லைக்கல் வந்துவிட்டது. அதைத் தாண்டி நின்று, அழுகையோடு ஓலையை இன்னொரு தடவை வாசித்தான். சட்டென்று ஒரு வழக்கம் நினைவுக்கு வந்தது. முத்திரை ஓலையில் ஒரு சொல்கூட வீண்போகக் கூடாது. போனால் எழுதியவரே கூட இருந்து நிறைவேற்றித் தர வேண்டும். அட, பிழைத்தோமடா என்று வந்த வழியே பிடித்தான் ஓட்டம்.

"ஏன் திரும்பி வந்தாய்?" என்று உறுமினான் ராஜா.

"ஒரு தடவை வெளியேறிவிட்டேன், பிரபு. வெளியே போவது பாக்கி. உள்ளே வராமல் மறுபடி எப்படி வெளியே போவது?"

"சரி, போய்த் தொலை."

"போகிறேன். ஆனால் நாட்டைத்தான் எனக்குத் தெரியும். தேசம் எந்தப் பக்கம் என்று தெரியாது. எழுதியவரை உடன் அனுப்புங்கள், வழி காட்டட்டும்."

அம்பலக்கூத்தருக்கு வியர்த்துக் கொட்டியது. "பிரபு, நாடும் தேசமும் ஒன்றுதான்."

"ஒன்று என்றால் இரண்டாக ஏன் எழுதினீர்?" என்றான் ராஜா.

"தாங்கள்தானே..." என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ராஜா விழித்தான், மீசையைத் தடவினான், தொண்டையைச் செருமினான்.

குப்பாண்டி கும்பிட்டுவிட்டு, பாக்கியிருந்த 'வெளியே போவதை' முடிக்க இரண்டாம் தடவையாக நடந்தான். அரண்மனை வாசலைத் தாண்டியதும் பின்னாலிருந்து காவலன் ஓடிவந்து ஒரு முத்திரை ஓலையைக் கொடுத்தான். கட்டைவிரல் அகலம்கூட இல்லை. அதில் ஒரே சொல்தான் இருந்தது: 'வா.'

உள்ளே ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். ஓலை நறுக்கும் கத்தி ஒன்றைத் தங்கப் பிடி போட்டுக் குப்பாண்டியிடம் கொடுத்து, இனி எல்லா ஓலையும் அவன் கை தாண்டியே வர வேண்டும் என்றான். அதற்கப்புறம் அம்பலக்கூத்தர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூட "சோறு" என்பதோடு நிறுத்திக்கொள்வாராம்.