முந்நூறு நூலும் ஒரு காய்ச்சலும்

வேலங்கோட்டை ராஜாவுக்கு ரெண்டு தலைவலி. ஒண்ணு தலையில வர்றது. இன்னொண்ணு, அதுக்கு மருந்து கேட்டா அரண்மனை வைத்தியர் திருவேங்கடம் ஆயிரத்தெட்டு ஓலையையும் முதல்லேருந்து படிக்கிறது. கடவுள் வாழ்த்து முடியறதுக்குள்ள தலைவலி தானாப் போயிடும். அதையும் வைத்தியர் தன் கைராசின்னுதான் சொல்லிக்குவார்.

தலைவலி காத்திருக்கும். பிரசவ வலி காத்திருக்குமா? அதனால அரண்மனை விகடகவி பிச்சாண்டி ஒரு வேலை பண்ணினான். வைத்தியசாலையில ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு ஓலை உண்டு. பேர், வயசு, என்ன நோவு, எல்லாம் அதுல இருக்கும். அந்த ஓலையோட ஓட்டையிலேருந்து, அந்த ஆளுக்குப் பொருந்துற மருந்து ஓலைக்கு ஒரு நூல் கட்டினான். இழுத்தா அந்த ஓலை மட்டும் அலமாரியிலேருந்து தலையை நீட்டும். கிழவன் காய்ச்சலுக்கு ஒரு ஓலை, கர்ப்பிணி காய்ச்சலுக்கு வேற ஓலை. மருத்துவச்சி ஒச்சம்மா சொல்லச் சொல்லத்தான் கட்டினான். எது எங்க போகுதுன்னு அவனுக்கே ஞாபகமில்ல.

அதுக்கப்புறம் மருந்து கேட்டு வைத்தியர்கிட்ட யாரும் வரல. அவருக்கு அது பொறுக்கல. ஒச்சம்மா அக்கரைக்குப் பிரசவம் பாக்கப் போன சமயம் பாத்து, யானைப்பாகன் சம்சாரம் மாயக்காவோட ஓலையிலேருந்து கண்ட ஓலைக்கெல்லாம் தன் பங்குக்கு முந்நூறு நூல் கட்டி வெச்சார். மாயக்காவுக்கு ஏழு மாசம். மூணு நாளா காய்ச்சல், ஒச்சம்மாதான் ஓலையைப் பாத்து மருந்து குடுத்துட்டிருந்தா. நாலாம் நாள் மருந்தில்லாம உடம்பு கொதிச்சுது. ஒச்சம்மா திரும்பி வர முடியாம ஆத்துல வெள்ளம்.

பாகன் ஓடிவந்து ராஜா கால்ல விழுந்தான். ராஜா வைத்தியசாலைக்கே வந்துட்டார். மாயக்காவோட ஓலை தேங்காய் நார் மாதிரி கிடந்துது.

தானும் நாலு நூல் சேத்ததா வைத்தியர் பவ்யமாச் சொன்னார். அறிவு கூடினா நல்லதுதானேன்னார். அவசரம்னா தன்னோட காய்ச்சல் கஷாயம் தயாரா இருக்காம்.

“அது கர்ப்பிணிக்கு ஆகுமா?”ன்னு பிச்சாண்டி கேட்டான்.

“எண்ணூத்திப் பதினாறாவது ஓலை வரைக்கும் ஆகாதுன்னு சொல்லல,” ன்னார் வைத்தியர். “மீதியை இனிமேதான் படிக்கணும்.”

ராஜா பிச்சாண்டியைப் பாத்தார். “ஒரே ஒரு நூல்தான் இழுக்கலாம். தப்பா இழுத்தே, இங்க இருக்கிற எல்லா நூலையும் அறுத்துடுவேன். நீ அதை வெச்சு யானைக்குக் கயிறு திரிக்கலாம்.”

பிச்சாண்டி ஓலையைக் கையில எடுத்தான். முந்நூத்தியொரு நூலையும் ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சான். ஒண்ணை இழுத்தான்.

அலமாரியிலேருந்து ஒரு ஓலை நீண்டுது. “கர்ப்பிணி, ஏழாம் மாசம், காய்ச்சல்”னு ராஜாவே வாசிச்சார். மருந்து அரைக்க ஆள் ஓடினான். சாயங்காலம் மாயக்கா கஞ்சி கேட்டா. உப்பு பத்தலன்னு புருஷனைத் திட்டவும் செஞ்சா.

அப்புறம்தான் ராஜா கேட்டார், எப்படிடா கண்டுபிடிச்சேன்னு.

பிச்சாண்டி அந்த நூலை நீட்டினான். பாதிக்கு மேல மஞ்சக் கறை, நுனியில எண்ணெய்ப் பிசுக்கு. “மூணு நாளா ஒச்சம்மா மருந்து அரைச்ச கையோட இழுத்தது மகாராஜா.”

வைத்தியர் விடல. “என் நூலைப் பாருங்க மகாராஜா, எவ்வளவு சுத்தம்.”

“ஆமா மகாராஜா,” ன்னான் பிச்சாண்டி. “யாரும் தொட்டதே இல்ல.”

ராஜா சிரிச்ச சிரிப்புல அன்னைக்குத் தலைவலி மருந்தில்லாமலே போச்சு. பிச்சாண்டிக்குப் பட்டுச் சால்வை கிடைச்சுது. வைத்தியருக்கு, முந்நூறு முடிச்சையும் தன் கையாலயே அவுக்கணும்னு உத்தரவு.

வைத்தியர் சப்பணம் போட்டு உக்காந்தார். முதல் முடிச்சைக் கையில எடுத்தார். கண்ணை மூடி, கடவுள் வாழ்த்தை ஆரம்பிச்சார்.