ஏழுமடை அரண்மனைக் கம்ப்யூட்டர் புதுசான கதை

ஏழுமடை நாட்டில் ராஜா இருந்தார், ராணி இருந்தாள், யானை இருந்தது, அந்தப்புரக் கூடத்தில் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது. இதற்கே ஆச்சரியப்படுகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

மகாராஜா பொன்மாறர் மதியச் சாப்பாடு முடிந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்து தனியாகச் சீட்டாடுவார். அதுவரை ஜெயித்தது நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டம். போரில் ஜெயித்தது இரண்டு. எதைப் பற்றி அதிகம் பேசுவார் என்று சொல்லத் தேவையில்லை.

கம்ப்யூட்டருக்கு வயது பதினொன்று. ஓடும்போதெல்லாம் முனகும். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ராஜகுரு அதன் முகத்தில் சந்தனத்தைக் குழைத்து மூன்று பட்டை போட்டு, நடுவில் குங்குமம் வைத்து, பின்பக்கம் தாராளமாகச் சாம்பிராணி காட்டுவார். பூஜை போட்ட பொருளைத் துடைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? ஸ்பேட் ராணி மூன்று வருஷமாகக் குங்குமத்துக்குப் பின்னால்தான் குடியிருந்தாள். மகாராஜா குத்துமதிப்பாக ஆடிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் திரையில் ஒரு பெட்டி குதித்தது. 'உங்கள் இயங்குதளத்துக்குப் புதிய பதிப்பு தயார். இப்போதே மாற்றலாமா? பிறகு நினைவூட்டலாமா?' கீழே இரண்டே பொத்தான்.

"வேண்டாம் என்று சொல்லப் பொத்தான் எங்கே?" என்றார் மகாராஜா.

"கிடையாது, மகாராஜா" என்றார் முதலமைச்சர் அனந்தராயர்.

"என் சபை மாதிரியே இருக்கிறதே. சரி, இயங்குதளம் என்றால் என்ன?"

"உள்ளே உட்கார்ந்து மற்ற எல்லாவற்றையும் வேலை வாங்குவது, மகாராஜா. பழசு தூங்கி வழிகிறது. புதுசு பறக்கும். என் மைத்துனன் இதில் புலி."

பக்கத்தில் கோமளவல்லி நின்றிருந்தாள். அரண்மனை உக்கிராணம் அவள் பொறுப்பு. அரிசி, பருப்பு, எண்ணெயோடு கம்ப்யூட்டரும் அவள் தலையில்தான் விழுந்திருந்தது. வேறு யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவள் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைத் தன் மைத்துனன் இடுப்பில் பார்க்க வேண்டும் என்று அமைச்சருக்கு மூன்று வருஷத்து ஆசை.

"நீ என்னம்மா சொல்கிறாய்?"

"உங்கள் சீட்டாட்டம் புதுசில் ஓடுமா என்று முதலில் பார்க்க வேண்டும், மகாராஜா. அதுவரை..."

"பயப்படுகிறாள்" என்றார் அனந்தராயர்.

மகாராஜாவுக்கு அந்த வார்த்தை ஆகாது. "முடிவு செய்துவிட்டேன். நாளை மதியத்துக்குள் கம்ப்யூட்டர் புதுசாகிவிட வேண்டும். திரை பளிச்சென்று இருக்க வேண்டும். வேகமாக ஓட வேண்டும். இந்த முனகல் கேட்கவே கூடாது. ஆனால் என் ஆட்டத்தில் ஒரு சீட்டு இடம் மாறக்கூடாது. ஜெயித்ததில் ஒன்றுகூடக் குறையக்கூடாது."

"தவறினால்?" என்று எடுத்துக்கொடுத்தார் அமைச்சர்.

"சாவிக்கொத்து உம் மைத்துனனுக்கு. இவள் உப்பளத்துக்குப் போய் உப்பு அள்ளட்டும்."

எல்லாம் புதுசாக வேண்டும், எதுவும் மாறக்கூடாது. கோமளவல்லிக்கு இது பழகிய உத்தரவுதான். போன மாதம் இதே மகாராஜா காரமில்லாத மிளகு ரசம் கேட்டிருந்தார்.

"ஆகட்டும், மகாராஜா. நான் வேலையை முடிக்கிறவரை கூடத்துக்குள் யாரும் தலையை நீட்டக் கூடாது. அவ்வளவுதான்."

மறுநாள் காலை கூடத்துக் கதவு உள்ளே தாழிடப்பட்டது. அமைச்சரின் மைத்துனன் கதவில் காதை வைத்துக் கேட்டான். தேய்க்கிற சத்தம் வந்தது. "பழசை அழிக்கிறாள்!" என்று ஓடிப்போய்ச் சொன்னான். அனந்தராயர் உப்பளத்துக்கு வண்டி பூட்டச் சொல்லிவிட்டார்.

மதியம் மகாராஜா வந்து உட்கார்ந்து பொத்தானை அமுக்கினார். முனகல் இல்லை. திரை பளபளவென்று விழித்தது.

"அட! ஸ்பேட் ராணி கையில் பூ வைத்திருக்கிறாளே!"

சீட்டுகள் தொட்டதும் ஓடின. ஜெயித்த ஆட்டம் நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு, அப்படியே இருந்தது. மகாராஜா ஒரு ஆட்டம் ஆடி அதைப் பதின்மூன்றாக்கினார்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அனந்தராயருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "இதைத்தானே நான் நேற்றே சொன்னேன், மகாராஜா! புதுப் பதிப்பின் குணமே இதுதான். நிறத்தைப் பாருங்கள். பழசில் இந்த நீலம் ஏது?"

"இது புதுப் பதிப்புதானா, அமைச்சரே? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள் கோமளவல்லி.

"எனக்குத் தெரியாதா, அம்மணி? கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்."

திரையில் பெட்டி குதித்தது. 'உங்கள் இயங்குதளத்துக்குப் புதிய பதிப்பு தயார். இப்போதே மாற்றலாமா? பிறகு நினைவூட்டலாமா?'

வெளியே யானை காதாட்டுகிற சத்தம் கூடத்தில் தெளிவாகக் கேட்டது.

"கோமளவல்லி," என்றார் மகாராஜா மெதுவாக, "பழையதில் நீ எதைத்தான் எடுத்தாய்?"

"பதினோரு ஆயுத பூஜையை எடுத்தேன், மகாராஜா. முகத்துச் சந்தனத்தை ஈரத்துணியால். பின்பக்கக் காற்றாடியில் அடைத்திருந்த சாம்பிராணிக் கரியைப் பழைய டூத் பிரஷ்ஷால். மூச்சு முட்டிக் கிடந்தது, பாவம். முனகாமல் என்ன செய்யும்?"

மகாராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் மடியில் விழுந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். "அப்படியானால் புதுப் பதிப்பு வேண்டாமா?"

"வேண்டும், மகாராஜா. பழசுக்குக் காவல் போதாது, கண்டவனும் உள்ளே நுழைவான். ஆனால் முதலில் உங்கள் ஆட்டத்துக்கு ஒரு நகல் எடுத்து என் உக்கிராணத்தில் பூட்டிவைக்க வேண்டும். புதுசிலும் அது ஓடும் என்று தெரிய வேண்டும். அதுவரை 'பிறகு'தான்."

"நல்லது. அதுவரை தினமும் மதியம் அனந்தராயர் வந்து அந்தப் 'பிறகு'வை அமுக்கிவிட்டுப் போவார்."

வேண்டாம் என்று சொல்ல அனந்தராயருக்கும் பொத்தான் இருக்கவில்லை.

"உனக்கு இந்த முத்துமாலை. வேறு என்ன வேண்டும், கேள்."

கோமளவல்லி மாலையை வாங்கிச் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டாள்.

"வருகிற ஆயுத பூஜையில் கம்ப்யூட்டருக்கு வைக்கிற சந்தனத்தையும் குங்குமத்தையும் முதலமைச்சர் முகத்தில் வைக்கச் சொல்லுங்கள், மகாராஜா."

"அது ஏன்?"

"அவர் தினமும் முகம் கழுவுகிறார்."